600 டொலருக்கு ஹவுசிங் கிடைக்குமா? கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களின் வீட்டுக் கேள்விகள்

கேள்வி: பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்து ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து மூன்று மாதமாகிறது. பிள்ளைகளுக்கு நான்கு வயதும் ஒன்பது வயதும். கணவரின் சம்பளத்தில் பாதிக்கு மேல் பேஸ்மென்ட் வாடகைக்கே போய்விடுகிறது. 600 டொலர் கொடுத்தால் ஆறு மாதத்தில் ஹவுசிங், அதாவது வருமானத்துக்கேற்ற வாடகை வீடு, எடுத்துத் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வருமானத்துக்கேற்ற வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. ரொறன்ரோவில் மாநகராட்சியின் இணையதளத்தில் நீங்களே கணக்குத் திறந்து விண்ணப்பிக்கலாம். பெயர் சேர்ந்த நாளை வைத்துத்தான் வரிசை நகர்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வருபவர்கள் போன்ற சிலருக்கு முன்னுரிமை உண்டு. மற்ற எல்லோரும் பல வருடம் காத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் யாரையும் முன்னே தள்ளிவிடும் சக்தி ஒரு தரகருக்கு இல்லை.

ஆனாலும் இன்றே விண்ணப்பியுங்கள். வீடு கிடைக்கும்போது குடும்ப வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் வாடகையாக வரும். அதுவரை முகவரி, தொலைபேசி எண் மாறினால் உடனே அறிவியுங்கள். நகராட்சி அனுப்பும் கடிதத்துக்குப் பதில் போகாமல் வரிசையிலிருந்து பெயர் நீங்கிவிடும் குடும்பங்கள் உண்டு. கனடா-ஒன்ராறியோ வீட்டு உதவித்தொகை என்று இன்னொன்று 2020 முதல் இருக்கிறது. அதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. நகராட்சிதான் பரிந்துரைக்கும். அதற்கும் இந்த வரிசையில் உங்கள் பெயர் இருப்பது உதவும்.

சரி, இந்த மாத வாடகைக்கு என்ன வழி? உங்கள் கைக்கு சீக்கிரம் வரக்கூடியது சைல்ட் பெனிபிட், அதாவது பிள்ளைகளுக்காக அரசு மாதாமாதம் தரும் உதவிப் பணம். பி.ஆர். உள்ளவர்கள் வந்தவுடனேயே இதற்கு விண்ணப்பிக்கலாம். தாய் பெயரில் ஆர்.சி.66 படிவத்தையும், புதிதாக வந்தவர்களுக்கான அதன் இணைப்புப் படிவத்தையும் நிரப்பி வருமான வரித் துறைக்கு அனுப்ப வேண்டும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான கணக்கில், ஆறு வயதுக்குக் கீழான பிள்ளைக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 7,997 டொலர், அதற்கு மேல் 17 வயது வரை 6,748 டொலர். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 1,228 டொலர் வரை வரலாம். வருவதற்கு முன் ஊரில் உழைத்த பணத்தையும் படிவத்தில் காட்டச் சொல்வார்கள். பயந்து மறைக்க வேண்டாம். இலங்கைச் சம்பளத்தை டொலருக்கு மாற்றினால் பெரும்பாலும் சிறிய தொகையாகவே இருக்கும். முழு உதவி கிடைக்கவும் அதுவே காரணமாகலாம்.

அப்புறம், வருமானமே இல்லாவிட்டாலும் கணவன், மனைவி இருவரும் வருடந்தோறும் வரிக் கணக்குக் கொடுங்கள். வாடகைக்காரருக்கு ஒன்ராறியோ மாகாணம் தரும் ட்ரில்லியம் உதவியும் அந்தக் கணக்கு வழியாகத்தான் வருகிறது. குறைந்த வருமானக்காரருக்கு மார்ச், ஏப்ரலில் தொண்டர்கள் இலவசமாகவே கணக்குச் செய்து தருகிறார்கள். எங்கே என்று 211 என்ற உதவித் தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார்.

கேள்வி: எனக்குக் கனடாவில் கிரெடிட் (கடன் வரலாறு) இல்லை என்று வீட்டுக்காரர் ஆறு மாத வாடகையை முன்பணமாகவும், சேதத்துக்கு 1,000 டொலரும் கேட்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒன்ராறியோ சட்டப்படி முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையை மட்டும்தான் முன்பணமாகக் கேட்கலாம். அந்தக் கடைசி மாதப் பணத்துக்கு ஒவ்வொரு வருடமும் உங்களுக்கு வட்டி சேர வேண்டும். சேதத்துக்கென்று தனி வைப்புப் பணம் இங்கே கிடையாது. சாவிக்குக் கேட்டால், புதுச் சாவி செய்யும் செலவு அளவுக்குத்தான் கேட்கலாம், திருப்பியும் தர வேண்டும். பின்தேதியிட்ட காசோலைகளைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. கிரெடிட் இல்லாமல் இருப்பதை மோசமான கிரெடிட்டாகக் கருதக் கூடாது என்பது மாகாண மனித உரிமை விதி.

நம்மவர்கள் பலர் கவனிக்காத ஒன்று: வீட்டுச் சொந்தக்காரரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து குடியிருந்தால் வாடகைச் சட்டத்தின் இந்தப் பாதுகாப்பு எதுவும் உங்களுக்குக் கிடையாது. கீழே தனிச் சமையலறையும் குளியலறையும் இருக்கின்றனவா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

காசாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள். இலவசமாகத் தர வீட்டுக்காரர் கடமைப்பட்டவர். “ரசீது தரமாட்டேன், அதனால்தான் வாடகை குறைவு” என்பவரிடம் குடியேறினால், ட்ரில்லியம் கணக்கில் வாடகையைக் காட்டிய பிறகு வரித் துறை கேட்கும்போது உங்கள் கையில் ஆதாரம் இருக்காது.

கேள்வி: தனியாக வந்து அகதிக் கோரிக்கை வைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. ஒன்ராறியோ வேர்க்ஸ், அதாவது நாம் வெல்ஃபெயர் என்பது, உங்களுக்கும் பொருந்தும். தனி ஆளுக்கு அதிகபட்சம் மாதம் 733 டொலர்: செலவுக்கு 343, இருப்பிடத்துக்கு 390. ரொறன்ரோவில் 390 டொலருக்கு அறை கிடைக்காது என்பது அரசுக்கும் தெரியும். 2018 முதல் தொகை கூடவில்லை, இது நியாயமே இல்லை. வருமானத்துக்கேற்ற வாடகை வீட்டு வரிசையிலும் நீங்கள் பெயர் கொடுக்கலாம்.

பெற்றோரை ஸ்பொன்சர் செய்து அழைத்தவர்கள் மட்டும் கவனம்: கியூபெக்குக்கு வெளியே 20 வருடப் பொறுப்பு உங்களுடையது. அதற்குள் அவர்கள் வெல்ஃபெயர் எடுத்தால் அரசு அந்தப் பணத்தை உங்களிடம் கேட்கும்.

கேள்வி: வீடு வாங்கப் பார்க்கிறோம். மனைவி பெயரில் சாவகச்சேரியில் சீதன வீடு இருக்கிறது. முதல் வீடு வாங்குபவருக்கான சலுகை கிடைக்குமா?

பதில்: இதில் இரண்டு விதி உண்டு. ஒன்ராறியோ நில மாற்ற வரியில் 4,000 டொலர் வரையும், ரொறன்ரோ நகர வரியில் 4,475 டொலர் வரையும் கழிவு உண்டு. ஆனால் இந்த இரண்டு கழிவுக்கும் உலகத்தில் எங்குமே உங்களுக்கு வீடோ, வீட்டில் பங்கோ இருந்திருக்கக் கூடாது. கல்யாணமான பிறகும் அந்தச் சீதன வீடு மனைவி பெயரில் இருந்ததால் உங்கள் இருவருக்குமே அவை கிடையாது.

முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கின் விதி வேறு. சொந்த வீட்டில் இந்த வருடமோ முந்தைய நான்கு வருடங்களிலோ நீங்கள் வசித்தீர்களா என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள். சாவகச்சேரி வீட்டிலிருந்து சென்ற வருடம்தான் வந்தீர்கள் என்றால் பொறுக்க வேண்டும். கனடாவில் வாடகைக்கு இருந்தே அந்தக் காலம் கழிந்திருந்தால் கணக்குத் திறந்து வருடம் 8,000, மொத்தம் 40,000 டொலர் வரை போடலாம். போடும் தொகை வரிக்குரிய வருமானத்தில் கழியும். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் ஊர் வீட்டைப் பற்றி வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.