கணினிக் கேள்வி பதில்: ஐந்து ஃபிளாப்பியில் ஒரு கணக்கு

கே: என் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதியவர். அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியில் ஐந்து சின்ன ஃபிளாப்பிகள் கிடைத்தன. யுஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஃபைல். கணக்கு.001 தொடங்கி 005 வரை. முதல் நான்கும் ஒரே அளவு, 14 லட்சம் பைட். கடைசி மட்டும் 3 லட்சத்துச் சொச்சம். எதைத் திறந்தாலும் குப்பை எழுத்துகள். கெட்டுப்போய்விட்டதா மேடம்?
- வாசகி, குடியாத்தம்

ப: கெடவில்லை அம்மா. அப்பா ஒரே ஃபைலை ஐந்து துண்டாக நறுக்கி வைத்திருக்கிறார். முதல் நான்கும் ஒரே அளவு, கடைசி மட்டும் மிச்சம் என்றாலே அதுதான். மொத்தம் 59 லட்சம் பைட். அந்த ஃபிளாப்பியை ஃபார்மேட் செய்த பிறகு நம் கைக்கு வருவது 14,57,664 பைட் மட்டும். வேறு என்ன செய்வார்?

பெயரைப் பார்த்தே நறுக்கிய கத்தி எது என்று ஓரளவு சொல்லிவிடலாம். விண்டோஸுக்கு முந்தைய டாஸின் பேக்கப் கட்டளை என்றால் பேக்கப்.001, கன்ட்ரோல்.001 என்று ஜோடியாக இருக்கும். ஃபைலைச் சுருக்கிக் கட்டும் ஏஆர்ஜே புரோகிராம் என்றால் முதல் துண்டு .ஏஆர்ஜே, அடுத்தது .ஏ01, .ஏ02. உங்களுடையது வெறும் எண், ஆகவே வெட்டி வைப்பதை மட்டும் செய்யும் ஏதோ ஒரு சின்ன புரோகிராம். முதல் துண்டை மட்டும் நோட்பேடில் திறந்து பாருங்கள். குப்பைக்கு நடுவே நேம், டேட், அமவுண்ட் என்கிற மாதிரி ஆங்கிலச் சொற்கள் தெரிந்தால் அது டிபேஸ் ஃபைல், அதாவது அந்தக் காலத்து டேட்டாபேஸ் புரோகிராமில் எழுதியது. தொடக்கமே 'பிகே' என்ற இரண்டு எழுத்தாக இருந்தால் ஜிப்.

ஐந்தையும் ஹார்ட் டிஸ்கில் ஒரே ஃபோல்டருக்கு நகலெடுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் அந்த ஃபோல்டருக்குப் போய், ஆங்கில எழுத்தில் இப்படி அடியுங்கள்: காப்பி /பி கணக்கு.001+கணக்கு.002+கணக்கு.003+கணக்கு.004+கணக்கு.005 முழுசு.டிபிஎஃப் (ஜிப் என்றால் கடைசியில் .ஜிப்). இன்றைய விண்டோஸிலும் இது வேலை செய்யும். வந்த ஃபைலை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறக்கலாம்.

அந்த '/பி'யை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன்.

1994. வேலூர் தோட்டப்பாளையத்தில் ஜாப் டைப்பிங், டேட்டா என்ட்ரி என்று ஒரு சின்ன அறை வைத்திருந்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வர வேண்டும்; கம்ப்யூட்டர் அறை என்றால் அப்போது அப்படித்தான். மண்டிக்காரர் ஒருவரின் சரக்குக் கணக்கை மறுநாள் மெட்ராஸில் ஆடிட்டரிடம் சேர்க்க வேண்டும். ஜனவரி 26, ஊரெல்லாம் லீவு. நான் மட்டும் உட்கார்ந்து முடித்தேன். 34 லட்சம் பைட், மூன்று ஃபிளாப்பி. காலையில் காட்பாடியில் ரயில் ஏறி, ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் துண்டுகளை ஏற்றிச் சேர்த்தால் 20 லட்சம்தான் வருகிறது. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதே 20. டிபேஸ் அதைத் திறக்கவே மறுத்துவிட்டது. ஆடிட்டர் ஒன்றும் சொல்லவில்லை, கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

திரும்பி வந்து, ஃபிளாப்பி விற்ற கடைக்காரரை மனதுக்குள் நன்றாகத் திட்டி, புதுப் பெட்டி வாங்கினேன். ராத்திரி ஃபைலைத் திறந்தபோது ஒரு தொகை தப்பாகப் பட்டது, திருத்தினேன். மறுபடி வெட்டி எடுத்துப் போனேன். அதே கட்டளை, இந்தத் தடவை 34 லட்சமும் வந்துவிட்டது! பழைய ஃபிளாப்பிதான் மட்டம் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

டிபேஸ் ஃபைலின் உள்ளமைப்பைப் படிக்க நேர்ந்தபோதுதான் உறைத்தது. அதன் முதல் பைட் வகைக் குறி. அடுத்த மூன்று பைட், கடைசியாகத் திருத்திய வருடம், மாதம், தேதி. துண்டுகளைச் சேர்க்கும்போது '/பி' இல்லாவிட்டால், காப்பி ஒவ்வொன்றையும் வெறும் எழுத்து ஃபைலாக நினைத்துக்கொள்ளும். எழுத்து ஃபைலில் 26 என்ற பைட் வந்தால் 'இத்தோடு முடிந்தது' என்று அர்த்தம். நான் வேலையை முடித்த தேதி 26. முதல் துண்டில் மூன்று பைட்டைப் படித்ததும் முடிந்துவிட்டது என்று அடுத்த துண்டுக்குத் தாவியிருக்கிறது! ராத்திரி திருத்தியதால் தேதி 27 ஆகிவிட்டது, தப்பித்தேன். பாவம் கடைக்காரர்.

கே: ஆற்காட்டில் தங்கை கல்யாண வீடியோ 5 ஜிபி. 16 ஜிபி காலி பென் டிரைவில் ஏற்றினால் இடம் போதவில்லை என்கிறது. என்ன கணக்கு இது?
- வாசகர், ராணிப்பேட்டை

ப: பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அதில் ஒரு ஃபைலின் அளவைக் குறித்துவைக்க நான்கு பைட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். நான்கு பைட்டில் எழுத முடிந்த பெரிய எண் 4,29,49,67,295. அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும் ஏறாது, பக்கத்தில் எத்தனை ஜிபி காலியாகக் கிடந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றி ஃபார்மேட் செய்யுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். சில பழைய டிவிகள் எக்ஸ்ஃபேட்டை அடையாளம் காணாது. அப்படியானால் வீடியோவை எடிட்டரிலேயே இரண்டாக வெட்டிவிடுங்கள்: முகூர்த்தம் ஒன்று, ரிசப்ஷன் ஒன்று.

கே: பழைய கம்ப்யூட்டரில் ஒரே ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்து வைத்திருப்பார்களே, ஒழுங்குக்காகவா?
- வாசகர், வாணியம்பாடி

ப: ஒழுங்கெல்லாம் அப்புறம் வந்தது. 1987-இல் வந்த டாஸ் 3.3 டிஸ்க்கின் செக்டர்களை, அதாவது டிஸ்க்கைப் பிரித்திருக்கும் சின்னக் கட்டங்களை, 16 பிட் எண்ணால் எண்ணியது. 65,536 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட், பெருக்கினால் 32 எம்பி. என்னிடம் இருந்த 40 எம்பி டிஸ்க்கில் 32 சி, மிச்சம் டி. மறுவருடம் வந்த டாஸ் 4.0 அந்த வேலியை எடுத்தது.

வேலி போனதும் வேறு தலைவலி. 2 ஜிபி வரையிலான ஒரே டிரைவாக வைத்தால், ஒரு ஜிபிக்கு மேல் போனதும் டாஸ் எந்த ஃபைலுக்கும் 32 கேபிக்குக் குறைந்து இடம் தராது. ஒன்றரைப் பக்க வேலை விண்ணப்பம், 2 கேபி. அதற்கும் 32 கேபி போய்விடும். ஆயிரம் விண்ணப்பம் வைத்திருந்தேன். 2 எம்பி சரக்குக்கு 32 எம்பி வாடகை. வருடத்துக்கு ஒன்று என்று ஜிப்பில் கட்டிப் போட்ட பிறகுதான் டிஸ்க் மூச்சு விட்டது. ஒன்று வேண்டுமென்று யாராவது வந்து நின்றால், கட்டைப் பிரிக்கும் வரை டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பேன்.