கார் ஷெட்டைப் பட்டறையாக்கும்போது முதலில் வேண்டியது வெப்பக்காப்பா, ஹீட்டரா?

முதலில் வெப்பக்காப்பு, அதன் பிறகே ஹீட்டர். வெப்பக்காப்பு என்பது சுவர், கூரை, கதவு வழியாக அறையின் சூடு வெளியேறும் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும் என்பதால், கண்ணாடி இழைப் பஞ்சும் தெர்மாகோல் பலகையும் தமக்குள் எண்ணற்ற சிறு காற்றறைகளை அடைத்துவைத்து அந்த வேலையைச் செய்கின்றன. கம்பளிப் போர்வையும் அப்படித்தான்; ஆனால் அதன் ஓரம் சற்று விலகினாலே குளிர் உள்ளே புகுந்துவிடும். பட்டறையில் அந்த ஓரம், பெரிய கதவின் அடியில் உள்ள இடைவெளி. அங்கே ரப்பர் பட்டை பொருத்துவதே குறைந்த செலவில் நிறைந்த பலன் தரும். தெர்மாகோல் எளிதில் தீப்பற்றும். தீப்பொறி பறக்கும் இடத்தில் அதை ஜிப்சம் பலகையால் மூடாமல் விடவே கூடாது.

புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1 லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் நீர், ஆவியாக அறைக்குள்ளேயே கலக்கிறது. அது குளிர்ந்த ரம்பத்தின் மீது மெல்லிய பனிப்படலமாகப் படிந்து, சில நாட்களில் செம்பழுப்புத் துருவாக மாறும். காற்றோட்டம் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கக்கூடும். மரத்தூளை அண்டவிடாமல் வைத்த மின் ஹீட்டரே பாதுகாப்பானது.

வெப்பக்காப்பு போட்டாலே அறை தானாகச் சூடாகிவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது சூட்டை உண்டாக்குவதில்லை, இருக்கும் சூட்டைத் தக்கவைக்க மட்டுமே செய்கிறது.