57 வயதோடு முடிந்துவிடுமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 41. ஆறு வருடமாக எச்ஐவிக்கு ஏஆர்டி (வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டுச் சிகிச்சை) மாத்திரை சாப்பிடுகிறேன், தவறவிடுவதில்லை. கடைசிப் பரிசோதனையில் வைரஸ் ‘கண்டறிய முடியாத அளவு’ என்று வந்தது. டென்மார்க்கில் நாடு முழுக்க நடந்த ஆய்வில், எச்ஐவி உள்ளவர்கள் 25 வயதுக்குப் பிறகு 32 வருடம்தான் வாழ்கிறார்கள் என்று படித்தேன். கூட்டினால் 57. எனக்கு இன்னும் 16 வருடம்தானா? தூக்கமே போய்விட்டது. (டென்ஷனுக்காகத் தினமும் பத்து சிகரெட் பிடிப்பேன். மற்றபடி கெட்ட பழக்கம் எதுவும் இல்லை.)
– பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: கூட்டல் சரிதான். ஆனால் அந்த எண் உங்களுடையது இல்லை.

டென்மார்க்கில் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. எச்ஐவி சிகிச்சைக்காக மருத்துவமனைக்கு வருகிறவர்களை 1995 முதல் அந்த எண்ணை வைத்தே தொடர்ந்து கவனிக்கிறார்கள். ஒருவர் வீடு மாறினாலும் மருத்துவமனை மாறினாலும் கணக்கிலிருந்து நழுவுவதில்லை. எச்ஐவி இல்லாத, அதே வயதுள்ள பொதுமக்களோடு ஒப்பிட்டும் பார்க்கிறார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல், நோய் முற்றிய பிறகு வந்தவர், பாதியில் விட்டவர் என்று எல்லோரையும் சேர்த்துக்கொண்டதுதான் இதன் பலம். உங்களைப் பயமுறுத்திய எண் குறைவாகத் தெரிவதற்கும் அதுவே ஒரு காரணம்.

நீங்கள் படித்தது 2007-இல் வெளியான கட்டுரையாக இருக்க வேண்டும். அதில் 25 வயதுக்காரரின் மீதி ஆயுள் 1995–96 நிலவரப்படி 7.6 வருடம். கூட்டு மருந்துகள் வந்த பிறகு, 1997–99-இல் 22.5. நீங்கள் பிடித்துக்கொண்ட 32.5 என்பது 2000–2005 காலத்து நிலவரம். ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் தொற்றும் சேர்ந்திருந்தவர்களை விலக்கிப் பார்த்தால் அதே காலத்திலேயே 38.9. பொதுமக்களுக்கு 51. இவையெல்லாம் இடைநிலை எண்கள். பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்வார்கள் என்று பொருள். அதற்குப் பிறகு மருந்துகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன, பக்கவிளைவும் குறைந்துவிட்டது.

இனி அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒளித்து வைத்த வரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அது ஒன்றுதான்.

அதே டென்மார்க் ஆய்வுக் குழு 2013-இல் இன்னொரு கட்டுரை வெளியிட்டது. எச்ஐவி உள்ள சுமார் 2,900 பேரில் புகைப்பவர்களையும் புகைக்காதவர்களையும் பிரித்துப் பார்த்தார்கள். 35 வயதில் எச்ஐவியோடு இருக்கும் ஒருவர், புகைக்காதவரானால் 78 வயது வரை வாழ எதிர்பார்க்கலாம். புகைப்பவரானால் 62 தாண்டி அதிகம் போவதில்லை. எச்ஐவியால் இழந்த ஆயுள் ஏறத்தாழ 5 வருடம். புகையால் இழந்தது 12. தூக்கத்தைக் கெடுக்க வேண்டிய எண் இதுதான். புகைப்பவர்களிடம் வேறு பழக்கங்களும் சேர்ந்திருக்கலாம் என்பதால் முழுப் பழியையும் சிகரெட் மீது போட முடியாது. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியை அப்படிச் சொல்லித் தள்ளிவிட முடியாது. சிகிச்சை இலவசமாகவும் ஒழுங்காகவும் கிடைக்கும் நாட்டின் கணக்கு இது என்பதையும் நினைவில் வையுங்கள். மாத்திரையைச் சரியாகச் சாப்பிடும் உங்களுக்கு இது பொருந்தும்.

ஏன் இப்படி? வைரஸ் அடங்கிய பிறகும் உடலுக்குள் லேசான அழற்சி தொடர்கிறது. ரத்தக் குழாய்களின் உட்சுவரை அது மெல்ல அரிக்கிறது. சிகரெட் தாக்குவதும் அதே இடத்தைத்தான். நுரையீரல் புற்றுநோய், நிமோனியா கணக்கு தனி.

இதனால் மாத்திரை அவ்வளவு முக்கியமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) நன்றாக இருக்கும்போது மருந்தை இடையிடையே நிறுத்திப் பார்த்த ஆய்வு ஒன்றில், நிறுத்தியவர்களிடம் மரணமும் நோயும் கூடின. 2006-இல் அந்த முயற்சியையே கைவிட்டார்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 40 முதல் 75 வயது வரை ஏஆர்டி எடுப்பவர்கள் 7,769 பேரிடம் நடந்த ஆய்வில், பிட்டாவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 35 சதவீதம் குறைத்தது 2023-இல் தெரியவந்தது. உங்களுக்கு அது தேவையா என்று கேளுங்கள்.

சிகரெட்டை நிறுத்த உதவி கேட்பதில் கூச்சம் வேண்டாம். நிகோடின் சூயிங்கம், புகையை நிறுத்த உதவும் வரனிக்லின் மாத்திரை இரண்டுமே ஏஆர்டியோடு பொதுவாக ஒத்துப்போகும். புகையை நிறுத்த உதவும் இன்னொரு மாத்திரையான புப்ரோப்பியான் தருவதாக இருந்தால், நீங்கள் எஃபாவிரென்ஸ் என்ற ஏஆர்டி மருந்து சாப்பிடுகிறீர்களா என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது புப்ரோப்பியானின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும்.