திறப்பு யாருடைய கையில்?

அன்புள்ள ஐயாவுக்கு,

வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் இறுதியாண்டு படிக்கிறேன். வளரும் நாடுகளின் மொத்த விற்பனை மின்சாரச் சந்தை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத எண்ணியுள்ளேன். 2024இல் நிறைவேறி 2025இல் திருத்தப்பட்ட மின்சாரச் சட்டம் இலங்கை மின்சார சபையைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கிறது. இனிப் பல விற்பனையாளர் வந்தால் போட்டி ஏற்பட்டு விலை தானாகவே குறையும் அல்லவா? சிலி, இந்தியா, பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்றில் எதனை ஆய்வுக்கு எடுக்கலாம்? தனியார்மயம் நல்லதா, கெட்டதா என்பதிலும் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ர., களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

சென்ற கிழமை வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றியபோது, வளை மரத்துக்கும் சுவருக்கும் இடையில் செருகியிருந்த அப்பாவின் அளவுகோல் கைக்கு வந்தது. அதைத் துடைத்து வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் கண்டிக்க வேண்டியதைக் கண்டித்துவிடுகிறேன். 'தானாகவே' என்ற சொல்லை உங்கள் கட்டுரையில் ஓரிடத்திலும் எழுதாதீர்கள். பொருளியல் படிக்கும் ஒரு பிள்ளை, யார் விற்கிறார், எத்தனை பேர் விற்கிறார்கள், வாங்குபவருக்கு மறுக்க வழி உண்டா என்று கேட்காமல் விலை தானாகக் குறையும் என்று எழுதுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

கல்முனைச் சந்தையில் பாரை மீன் விலை ஏறினால் உங்கள் அம்மா கீரி மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். நெல்லுக்கு விலை இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டி இரண்டு மாதம் வீட்டில் வைக்கலாம். மாலை 7 மணி மின்சாரத்துக்கு மாற்றும் இல்லை, பெருமளவில் சேமித்து வைக்க மலிவான களஞ்சியமும் இன்னும் நம்மிடம் இல்லை. கேட்கும் அளவும் கிடைக்கும் அளவும் ஒவ்வொரு கணமும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிட்டால் முழுத் தீவும் இருளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். மாலைத் தேவை 2,600 மெகாவாட். எல்லா விற்பனையாளரிடமும் சேர்த்து இருப்பது 2,900. மேலதிகமாக 300 இருப்பதால் போட்டி இருப்பது போலத் தோன்றும். ஆனால் ஒருவரிடம் மட்டும் 700 இருந்தால், அவரை விட்டுவிட்டு மற்றவர்களால் தரக்கூடியது 2,200தான். எஞ்சிய 400 மெகாவாட்டுக்கு நாடு அவர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அவர் எவருடனும் கூட்டுச் சேரத் தேவையில்லை, எந்தச் சட்டத்தையும் மீறத் தேவையில்லை, விரும்பிய விலையைச் சொன்னால் போதும். இத்தகைய சந்தைகளில் கடைசியாக ஏற்கப்பட்ட விலையே எல்லா விற்பனையாளருக்கும் கொடுக்கப்படுவதால், அவர் சொன்ன விலையை அன்றைய மாலை முழுவதற்கும் பாவனையாளர் செலுத்த நேரிடும். நம் நாட்டில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் ஒன்றே 900 மெகாவாட் என்பதையும் உச்சத் தேவை சுமார் மூவாயிரம் மெகாவாட்டே உள்ள ஒரு தீவு இது என்பதையும் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. பிலிப்பைன்ஸில் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2006இல் லூசோன் தீவில் மொத்தச் சந்தை தொடங்கியது. 2013 நவம்பரில் மலம்பாயா எரிவாயு வயல் பராமரிப்புக்காக மூடப்பட்ட அதே நாட்களில் வேறு சில மின்நிலையங்களும் நின்றன. சந்தை விலை தாறுமாறாக ஏறியது. டிசம்பரில் உயர் நீதிமன்றம் கட்டண உயர்வுக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2014 மார்ச்சில் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு அந்த இரண்டு மாதச் சந்தை விலைகளைச் செல்லாதவை என அறிவித்தது. விலை ஏறிய பிறகு நீதிமன்றப் படியேறுவதைப் போட்டி என்று சொல்ல முடியுமா?

இதற்குப் பரிகாரம் உண்டு. தன் மின்சாரத்தின் பெரும்பங்கை நிலையான விலைக்கு முன்கூட்டியே நீண்டகால ஒப்பந்தத்தில் விற்றுவிட்டவருக்கு, அன்றைய மாலை விலையை ஏற்றுவதால் கிடைக்கும் இலாபம் மிகச் சொற்பம். 2000, 2001ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியா சீரழிந்ததற்கு, விநியோக நிறுவனங்களை அத்தகைய ஒப்பந்தங்கள் செய்யவிடாமல் நாளாந்தச் சந்தையில் தள்ளியதும் ஒரு காரணம். பிரேசில், 2001 வறட்சியில் மின்பாவனையை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும்படி மக்களிடம் கேட்க நேர்ந்தபின், 2004இல் ஏலம் மூலமான நீண்டகால ஒப்பந்தங்களுக்கு மாறியது. சிறிய நாட்டில் முதலில் வர வேண்டியது ஒப்பந்தத்துக்கான போட்டி. நாளாந்தச் சந்தை எஞ்சியதைச் சரிக்கட்ட மட்டுமே.

இனி அப்பாவின் கோலுக்கு வருகிறேன். எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் வட்டைக்கு, அதாவது வயல் தொகுதிக்கு, அப்பாவைத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாகத் தெரிவு செய்தார்கள். எங்கள் இரண்டு ஏக்கரும் வாய்க்கால் துருசுக்கு (மதகுக்கு) நேர் கீழே இருந்தன. துருசின் திறப்பை வாங்கும் முன்பே அப்பா அந்த வயலை அந்தப் போகத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. "திறப்பும் என் கையில், முதல் மடையும் என் வயலில் என்றால், நான் ஒழுங்காகத் திறந்தாலும் யார் நம்புவார்கள்?" என்று அவர் சொன்னது இன்றும் காதில் கேட்கிறது. பிறகு ஒரு காட்டுக் கம்பைச் செதுக்கி, விரற்கடைக்கு ஒரு வெட்டு வெட்டி, வெட்டுக்குள் தார் பூசி, வாய்க்கால் தலைப்பில் நட்டார். எந்த வயற்காரரும் எந்த நேரத்திலும் வந்து எத்தனை வெட்டுக்குத் தண்ணீர் ஓடுகிறது என்று பார்க்கலாம். இரவில் மண்ணெண்ணெய் லாம்பைப் பிடித்துக்கொண்டு நானும் போயிருக்கிறேன். அடுத்த சிறுபோகத்தில் மழை பிழைத்தது. வசதியுள்ள ஒருவர் தன் வயலுக்கு முறை மாற்றிக் கேட்டார், அப்பா மறுத்தார். அதற்கடுத்த கூட்டத்தில் வேறொருவர் தெரிவானார்.

மின்சாரத்துக்கும் அதே நியாயம்தான். எந்த நிலையம் எப்போது ஓட வேண்டும் என்று கட்டளையிடும் முறைமை இயக்குநருக்கு எந்த நிலையத்திலும் உரிமை இருக்கக் கூடாது. ஒரே பெயர்ப்பலகையைக் கழற்றிப் பல பலகைகளாக மாட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே எசமானை வைத்தால் பிரிவு தாளில் மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு அரைமணியிலும் யார் எவ்வளவு தந்தார், என்ன விலைக்குத் தந்தார் என்பது அந்தக் கோலைப் போல எல்லாரும் பார்க்கும் இடத்தில் நிற்க வேண்டும். ஒழுங்குறுத்துபவரின் பதவி இன்னொருவரின் கோபத்தில் தங்கியிருக்கவும் கூடாது. 2023 மே மாதம் நம் பாராளுமன்றம் மின்கட்டணத்தை ஒழுங்குறுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவரை 123க்கு 77 என்ற வாக்குகளால் நீக்கியது. அவர் பக்கம் சரியா, பிழையா என்பதை நான் இங்கே வாதிடவில்லை. அதைப் பார்த்திருந்த அடுத்தவர் கட்டணக் கோவையில் கையெழுத்திடும்போது அவர் மனதில் என்ன ஓடும் என்பதே என் கவலை.

இங்கினியாகலை நீர்மின் நிலையத்தையும் மறந்துவிடாதீர்கள். சேனநாயக்க சமுத்திர நீர்த்தேக்கத்தின் அந்த நிலையம் சுமார் 11 மெகாவாட்தான். நாட்டுக் கணக்கில் மிகச் சிறியது. வயலுக்குத் திறக்கும் தண்ணீரே அங்கு சுழலியையும் சுற்றுகிறது. மாலை விலையை மட்டும் பார்த்து அந்தத் தண்ணீரைத் திறப்பதாயின் கதிர் விடும் பருவத்து நெல் என்னாகும்? சந்தை விதியை எழுதுபவர்கள் நீர்ப்பாசன முறையை மீறமுடியாத நிபந்தனையாக முதலிலேயே எழுதிவிட வேண்டும். அதைக் கேட்டு வாங்க நம் வட்டைகளிலிருந்து ஒருவர் அந்த மேசையில் இருக்கவும் வேண்டும்.

தனியார்மயம் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். 2022 மார்ச் 31 அன்று 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது எரிபொருள் வாங்க டொலர் இருக்கவில்லை. உரிமையாளர் யாராக இருந்தாலும் அன்று அதே இருள்தான்.

நாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிலி 1982இலேயே தொடங்கிவிட்டது, அதைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். இந்தியா நம் அளவுக்கு மிகப் பெரியது. பிலிப்பைன்ஸை எடுங்கள், அதுவும் ஒரு தீவு நாடு. அங்கே ஒவ்வொரு மணிநேரத்திலும் மிகப் பெரிய விற்பனையாளரைக் கழித்துவிட்டுத் தேவை நிறைவேறுமா என்று பாருங்கள். பிறகு அதே கழித்தலை இலங்கையின் ஓர் ஆண்டு மாலைகளுக்குச் செய்து, அட்டவணையை எனக்கு அனுப்புங்கள். வரிக்கு வரி வாசித்துப் பிழை திருத்தித் தருகிறேன்.

அன்புடன்.