கராஜ் வாசலில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, ஜப்பான் ரீகண்டிஷன் ஹைபிரிட் கார் ஒன்றில் நிலாவெளி, கன்னியா, கோணேசர் கோயில் என்று வெளிநாட்டுக்காரருக்கு ஹயர் ஓடுகிறேன். ஓடுகிற காரை எங்கேயோ இருந்து ஹேக் பண்ணி நிறுத்தலாமாம். என் காருக்கும் நடக்குமா? இன்னொன்று, ஹயருக்கு வந்தவர் இறங்கிப் போன பிறகும் அவருடைய நம்பர்கள் ஸ்கிரீனில் கிடக்கின்றன. அதனால் பிரச்சினை வருமா?
- ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இருவர், நெடுஞ்சாலையில் ஓடிய ஜீப் செரோக்கியை வீட்டில் இருந்தபடியே மடக்கிக் காட்டினார்கள். கம்பனி 14 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. பிறகு ஐநாவின் 155ஆம் இலக்க வாகன விதி வந்தது. காரை விற்றதோடு கைகழுவ முடியாது, தாக்குதல்களைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்கிறது அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதுக் கார் எல்லாவற்றுக்கும் கட்டாயம்.

ஆனால் அந்த ஜீப்பைக் காட்டிக்கொடுத்தது அதற்குள் இருந்த செல்போன் இணைப்பு. ஜப்பான் கார்களில் அப்படிப் பெட்டி இருந்தாலும் அது அந்த ஊர்ச் சந்தாவில் ஓடுவது. இங்கே வந்தால் பெரும்பாலும் ஊமை. அதற்காக நித்திரையைக் கெடுக்காதீர்கள். எனக்குப் பெரிதாகப் படுவது உங்கள் இரண்டாவது கேள்விதான்.

புளூடூத்தில் போனை இணைத்தால் நம்பர்களை எடுக்கட்டுமா என்று கேட்கும். பாட்டுப் போடுகிற அவசரத்தில் எல்லாரும் ஓம் என்று அமத்திவிடுவார்கள். என் கராஜுக்கு வந்த கார்களில், ஜப்பான் சொந்தக்காரரின் வீடு வரைபடத்தில் அப்படியே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஏலம், கப்பல், அம்பாந்தோட்டை எல்லாம் தாண்டி வந்த விலாசம்!

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுப் பாவனைக்கு விலக்குத் தருகிறது. நீங்கள் காசுக்கு ஓடுகிறீர்கள், அந்த விலக்குக்குள் ஒளிக்க முடியாது. அதன் முக்கிய பகுதிகளை நடைமுறைப்படுத்துவது பிற்போடப்பட்டது உண்மைதான். அதற்காக அடுத்தவர் நம்பரை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

ஆளை இறக்கியதும் அவருடைய போனைப் பட்டியலில் இருந்து நீக்குங்கள். சார்ஜ் கேட்டால் ஸ்கிரீனோடு சேர்ந்த யூஎஸ்பியைக் கொடுக்காமல், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சார்ஜரைக் கொடுங்கள். அதில் கரண்ட் மட்டும்தான் போகும். காரை விற்கும்போது ஸ்கிரீன் செட்டை முழுதாக ரீசெட் பண்ணுங்கள். மெனு ஜப்பான் எழுத்தில் இருந்தால் போன் கமராவைப் பிடித்து மொழிபெயர்க்கலாம். பற்றறி வயரைக் கழற்றினால் எல்லாம் அழிந்துவிடும் என்று சொல்லும் பாஸ்மாரை நம்பாதீர்கள். சில செட் பூட்டிக்கொண்டு கோட் கேட்கும், அவ்வளவுதான். பிறகு அதைத் திறக்க அலைய வேண்டும்.

கேள்வி: எரிபொருள் செலவு பார்க்க, ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும் மலிவான புளூடூத் கருவி வாங்கினேன். எப்போதும் செருகி வைக்கலாமா?
- ஒரு வாசகி, மூதூர்

பதில்: வேண்டாம் தங்கச்சி. அந்த மலிவுக் கருவிகளில் பெரும்பாலும் பின் நம்பர் 1234 அல்லது 0000. பக்கத்தில் நிற்கிற எவரும் இணைக்கலாம். பார்த்து முடிந்ததும் கழற்றி டாஷ்போர்ட் லாச்சிக்குள் போடுங்கள்.