எழுந்ததால் போகிறாயா, போகவேண்டியிருப்பதால் எழுகிறாயா?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு 46 வயது. அரக்கோணத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அடிக்கடி வயிற்றுவலியும் வயிற்றுப்போக்குமாக இருந்தது. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துவிட்டு, "ஐ.பி.எஸ். என்கிற குடல் எரிச்சல் கோளாறுதான், பயப்பட ஒன்றுமில்லை" என்று டாக்டர் வயிற்றுப்போக்கை அடக்கும் லோபரமைடு மாத்திரை எழுதிக்கொடுத்தார். ரயிலில் கழிப்பறை கிடையாது. அதனால் காலையில் ஒன்று போட்டுக்கொண்டுதான் கிளம்புவேன். இப்போது நாளைக்கு மூன்று, சில நாள் நான்கு ஆகிவிட்டது. ஒரு வருஷமாக ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கும் ஒருமுறை போகவேண்டியிருக்கிறது. அதுவும் பழகிவிட்டது. கணவர் தூக்கம் கெடக்கூடாது என்று லைட் போடாமலே போய்விட்டு வந்து படுத்துக்கொள்வேன். இந்த மாத்திரை இதயத்தைக் கெடுக்கும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னதிலிருந்து பயமாக இருக்கிறது. இதை ஆயுசுக்கும் சாப்பிடலாமா? மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் பரீட்சை முடிந்ததும் டாக்டரைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்பு மகளுக்கு,

நீ கேட்டிருப்பது மாத்திரையைப் பற்றி. அதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் கடிதத்தில் என்னை உலுக்கியது மாத்திரை இல்லை.

வயிற்றுப்போக்கு அதிகமுள்ள ஐ.பி.எஸ்.காரர்கள் டாக்டர் பார்வையில் வருஷக்கணக்கில் லோபரமைடு சாப்பிடுவது புதிதல்ல. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2008-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, இந்த வகைக்கு முதலில் தரவேண்டிய மருந்து இதுதான் என்றும், போக்குக்குத் தகுந்தபடி அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள நோயாளிக்குச் சொல்லித்தர வேண்டும் என்றும் இருக்கிறது. யூடியூபில் கேட்டதிலும் பொய் இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-ல் இதயத்துடிப்பு தாறுமாறாகும் ஆபத்தைப் பற்றி எச்சரித்தது. ஆனால் அது பெரும்பாலும் போதைக்காகவும், போதைப் பழக்கத்தை விடும்போது வரும் அவஸ்தைக்காகவும் கைநிறைய விழுங்கியவர்களைப் பற்றியது. உன் மாத்திரை 2 மி.கி. என்றால், நான்கு போட்டாலும் 8 மி.கி. டாக்டர் கண்காணிப்பில் ஒரு நாளைக்கு 16 மி.கி. வரை உச்ச அளவு. பூஞ்சைக்கான சில மாத்திரைகளும் கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளும் இதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். வேறு மருந்து எழுதுகிற எந்த டாக்டரிடமும் இதைச் சாப்பிடுகிறேன் என்று சொல். வீட்டில் சின்னக் குழந்தைக்கு வயிற்றால போகிறது என்றால் உன் அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துக் கொடுத்துவிடாதே. பாகிஸ்தானில் இதன் சொட்டு மருந்தைக் குடித்த கைக்குழந்தைகள் குடல் அசைவு நின்று இறந்த பிறகு, 1990-ல் அந்தச் சொட்டு மருந்தையே விலக்கிக்கொண்டார்கள்.

மாத்திரை பேச்சு இத்தோடு போதும். ராத்திரி விஷயத்துக்கு வருகிறேன்.

பழகிவிட்டது என்று ஒரு வரியில் எழுதித் தாண்டிப் போயிருக்கிறாய். என்ன பழகிவிட்டது? உனக்கு ஒரு கேள்வி, யோசித்து நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள். ராத்திரி எழுந்ததால் போகிறாயா, போகவேண்டியிருப்பதால் எழுகிறாயா? கவலையில் தூக்கம் கலைந்து, விழித்தது விழித்துவிட்டோமே என்று போய்விட்டு வருவது ஒன்று. அயர்ந்து தூங்குகிறவளை வயிறு முறுக்கி எழுப்பி ஓடவைப்பது வேறு. ஐ.பி.எஸ். பகலில் படாத பாடு படுத்தும். காலையில் நான்கு தடவை ஓடவிடும், ரயிலைத் தவறவிடும், கல்யாண வீட்டில் சாப்பிடவிடாது. ஆனால் ஆள் தூங்கினால் பொதுவாக அதுவும் அடங்கிவிடும். தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கை டாக்டர்கள் ஐ.பி.எஸ். கணக்கில் எழுதிவிட்டுப் போகமாட்டார்கள், வேறு காரணம் தேடுவார்கள். எட்டு வருஷத்துக்கு முன் உன்னைப் பார்த்தவர் தப்பாகச் சொன்னார் என்று நான் சொல்லவரவில்லை. அன்றைக்கு ராத்திரித் தொந்தரவு இல்லை, அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும். இன்றைக்கு இருப்பது அந்தப் பழைய நோய்தானா என்பதுதான் கேள்வி. ஒரு மாத்திரை போதும் என்றிருந்தது நான்காக ஏறியதும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. கூடக்கூட அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறாய், ஏன் கூடுகிறது என்று யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்தது அந்த லைட். இருட்டில் போய், இருட்டிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறாய். அப்படியானால் ஒரு வருஷமாக என்ன போகிறது என்று நீ பார்க்கவே இல்லை. ரத்தம் கலந்து போகிறதா, சளி போகிறதா, தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறதா? டாக்டர் முதலில் கேட்கப்போவது இதைத்தான். உன்னிடம் பதில் இல்லை. ஒருவர் தூக்கம் கெடக்கூடாது என்று, உன் உடம்பு சொல்வதைப் பார்க்காமலே இருந்துவிட்டாய்.

இந்த இடத்தில் உன்னைக் கடிந்துகொள்ளத்தான் போகிறேன். கணவருக்குத் தெரியாமல் நோயைச் சுமப்பதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இதே நினைப்போடு எத்தனையோ பெண்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள்: அவருக்குத் தொந்தரவு வேண்டாம், பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம், பரீட்சை முடியட்டும், கல்யாணம் முடியட்டும், பேறுகாலம் முடியட்டும். ஒன்று முடிந்தால் அடுத்தது வந்து நிற்கும், அந்த வரிசையில் அவர்கள் முறை மட்டும் வரவே வராது. நான் குடும்பக் கடமையை லேசாகப் பேசுகிறவள் இல்லை. பெண்ணுக்குக் கடமை உண்டு, ஆணுக்கும் உண்டு. ஒரே படுக்கையில் படுக்கிறவர்களுக்கு ஒருவர் உடம்பு மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதில் முதன்மையானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் கடமையைச் செய்ய உன் கணவருக்கு நீ வழியே விடவில்லை. அவரையும் நான் விட்டுவிடப் போவதில்லை. பக்கத்தில் படுத்தவள் ஒரு வருஷமாக நடுராத்திரியில் எழுந்து போகிறாள், 'ஏம்மா, என்ன பண்ணுது' என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? ஒருவேளை தெரிந்தும், நீயாகச் சொல்லட்டும் என்று இருக்கிறாரோ என்னவோ. இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் சொல். மகளும் அங்கே இருந்தால் இருக்கட்டும். பதினேழு வயதுப் பெண் இதைக் கேட்டு இடிந்துபோய்விட மாட்டாள். அம்மா தன் உடம்பைக் கவனித்துக்கொள்வதைப் பார்ப்பதும் அவளுக்குப் படிப்புதான்.

பரீட்சை முடியும்வரை காத்திருக்காதே. இந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டு, குடல், இரைப்பை நோய்களுக்கான கேஸ்ட்ரோ டாக்டரைப் பார். உள்ளே நுழைந்ததும் 'எனக்கு ஐ.பி.எஸ். இருக்கிறது, மாத்திரை எழுதிக்கொடுங்கள்' என்று ஆரம்பிக்காதே. நோயின் பெயரை நீயே சொல்லிவிட்டால் வேறு எதையும் தேட அவருக்குத் தோன்றாமல் போகலாம். 'ஒரு வருஷமாகத் தூக்கத்திலிருந்து எழுப்பி வயிற்றால போகிறது, மாத்திரை ஒன்றிலிருந்து நான்கு ஆகிவிட்டது' என்று சொல். எடை குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போ. எடை பார்க்கிற வழக்கம் இல்லையென்றால், சமீபத்தில் ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தாயா என்று யோசி. சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா? சர்க்கரை இருக்கிறதா, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாயா? பித்தப்பையை எடுத்திருக்கிறார்களா? இவை ஒவ்வொன்றும் வயிற்றுப்போக்கின் காரணத்தையே மாற்றிவிடக்கூடியவை. உன் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோயோ நாள்பட்ட குடல் புண்ணோ இருந்ததா என்று கேள். தாத்தா வயிற்றுக் கோளாறில் போனார் என்று நம் வீடுகளில் சொல்லிவிட்டு அதற்குமேல் யாரும் கிளறுவதில்லை. கிளறு.

சாதாரண ரத்தப் பரிசோதனை, தைராய்டு, சர்க்கரை, மலப் பரிசோதனை எல்லாம் எழுதுவார்கள். மலத்தில் கேல்ப்ரொடெக்டின் என்று ஒரு சோதனை இருக்கிறது. குடலில் அழற்சி இருந்தால் அது கூடுதலாகக் காட்டும், வெறும் ஐ.பி.எஸ். என்றால் பெரும்பாலும் காட்டாது. அவர் எழுதாவிட்டால் நீயே கேள், தப்பில்லை. கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்யச் சொன்னால் மறுக்காதே. குடல் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும் சதைத்துணுக்கு எடுத்துப் பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள். நடுவயது தாண்டிய பெண்களுக்கு அதிகம் வரும் ஒருவகைக் குடல் அழற்சி உண்டு. கேமராவில் எதுவும் தெரியாது, மைக்ராஸ்கோப்பில் மட்டும்தான் தெரியும். ராத்திரியிலும் தண்ணீராகப் போவது அதன் இயல்பு, நல்ல மருந்தும் இருக்கிறது. குடல் காசநோயும் நம் நாட்டில் குறைவில்லை, அதுவும் குணமாகிற நோய்தான். புற்றுநோயாக இருக்குமோ என்று பயந்துதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டாய் என்றால், ஒன்றை யோசி: அப்படி இருந்துவிட்டால் உன் மகளும் மற்றவர்களைவிட முன்னதாகவே பரிசோதனையைத் தொடங்கவேண்டியிருக்கும். நீ தெரிந்துகொள்ளாமல் விட்டால் அவளுக்கும் அது தெரியாமல் போகும்.

டாக்டரைப் பார்க்கும்வரை மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, ஆனால் நான்குக்கு மேல் போகாதே. ரத்தம் போனாலோ, காய்ச்சலோடு போனாலோ, வயிறு உப்பிக் கல்லாக இறுகினாலோ மாத்திரையை அப்போதே நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. குடல் அழற்சி முற்றியிருக்கும்போது இதைப் போட்டு அடைத்தால் பெருங்குடல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

கொலோனோஸ்கோபிக்கு மயக்க ஊசி போட்டால் அன்றைக்குத் தனியாக வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள், கூட ஒருவர் வேண்டும். ஆபீஸ் தோழியைக் கூப்பிடாதே. மகளுக்குப் படிப்பு இருக்கிறது. உன் கணவரை அன்றைக்கு லீவு போடச் சொல்.