ஒற்றைப் பலகை அச்சு போதாது

திருநகர் நண்பருக்கு: கிட்டாரின் வளைத்த பக்கச் சட்டம் ஏன் விரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். சட்டத்தை வடிவத்தில் பிடித்து வைக்கும் அச்சை 18 மிமீ பிளைவுட் ஒன்றிலேயே வெட்டியதுதான் காரணம். சட்டத்தின் உயரம் 100 மிமீக்கு மேல். உங்கள் அச்சு அடியை மட்டுமே பிடிக்கிறது. நான்கு அடுக்காக, 72 மிமீ வரட்டும். முதல் பலகையைக் கோட்டுக்குச் சரியாக இழையுங்கள். மற்றதை 2 மிமீ கூடுதலாக அறுத்து, ஒவ்வொன்றாக ஒட்டி, ரவுட்டரில் (சுழன்று வெட்டும் கைக்கருவி) பேரிங் வைத்த பிட்டைப் போட்டு, பேரிங் முதல் பலகையின் விளிம்பைத் தொட்டு ஓடும்படி சீவுங்கள். அச்சை நடுக்கோட்டில் இரண்டாகப் பிளந்து போல்ட் போட்டு இணையுங்கள், இல்லையென்றால் கிட்டார் பெட்டி வெளியே வராது. கிட்டாரின் குறுகிய இடுப்பில் சட்டத்தை உள்ளிருந்து அச்சோடு தள்ளும் முட்டு அவசியம்.

கிட்டாரின் மேல்பலகையை வைத்து ஒட்டும் வேலைப்பலகைக்கு இரு பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் வளையும். பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். ஐப்பசி ஈரத்தில் மேல்பலகையின் உட்புறம் தாங்கும் குறுக்குச் சட்டம் ஒட்டினால் சித்திரையில் மரம் சுருங்கி வெடிக்கும். அறையின் ஈரப்பதமானி 45–50 சதவீதம் காட்டும்வரை பொறுங்கள்.